இன்ஹேலரை விட்டுவிட்டுக் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு 56 வயது, 12 வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். ஆறு வருடமாக இழுப்பு. சுகருக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் இரண்டு இன்ஹேலரும் டெரிபிலின் மாத்திரையும் கொடுத்திருந்தார். இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாது என்று பெரியம்மா சொன்னதால் மூன்று மாதமாக அதை நிறுத்திவிட்டோம், மாத்திரை மட்டும் போகிறது. பதிலுக்கு ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி, சுக்கு, அதிமதுரம் போட்டுக் காய்ச்சி, பனைவெல்லம் சேர்த்து இரண்டு வேளை குடிக்கிறார். கசப்பு தெரியாமல் இருக்க அதிமதுரம் இரண்டு துண்டு கூடுதலாகவே போடுகிறோம். எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்று ஐந்து மாத கர்ப்பிணியான என் மனைவி உட்பட வீட்டில் எல்லோரும் குடிக்கிறோம். கத்தரிக்காய், வாழைப்பழம், தயிர், முட்டை, மீன் எல்லாவற்றையும் அம்மா விட்டுவிட்டார். சளி நன்றாக வெளியே வருகிறது, ஆனால் இந்தக் குளிரில் ராத்திரி மறுபடியும் இழுக்கிறது. ஒரு மாதமாகக் கால் லேசாக வீங்குகிறது, அது வயதால் இருக்கும். இன்ஹேலர் இல்லாமலே குணமாக இன்னும் என்னென்ன சேர்க்கலாம்? பத்தியம் என்ன?

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிற அந்தக் கால் வீக்கத்திலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். 56 ஒன்றும் கால் வீங்குகிற வயது இல்லை. பிபி இருக்கிறவர், தினமும் இரண்டு வேளை, மூன்று மாதம், அதுவும் கூடுதலாக இரண்டு துண்டு போட்டு அதிமதுரம் குடித்திருக்கிறார் என்று படித்ததுமே எனக்கு உங்கள் மற்ற கேள்வியெல்லாம் பின்னால் போய்விட்டது.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற சத்து, உடம்பு உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்படி செய்துவிடும். அதனால் பிபி ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் சிறுநீரில் கழிந்து போகும். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் கை கால் சோர்ந்து போவதோடு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பிபிக்காக நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் (எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை) இழப்பு இரட்டிப்பு. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு இரண்டு நாள் இருப்பது வேறு, இது வேறு. இன்றைக்கே அதிமதுரத்தை நிறுத்துங்கள். நாளைக்குள் பிபி பாருங்கள், ரத்தத்தில் சோடியம் பொட்டாசியம் எவ்வளவு என்று ஒரு டெஸ்ட் எடுங்கள், அந்தச் சீட்டோடு அம்மாவின் வழக்கமான டாக்டரைப் போய்ப் பாருங்கள். மூன்று மாதம் என்ன குடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். வீக்கத்துக்கு அதிமதுரம்தான் காரணம் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்ல முடியாது. நீண்டகால இழுப்பில் இதயத்தின் வலது பக்கம் களைத்துப் போனாலும் கால் வீங்கும். இரண்டில் எதுவானாலும் கஷாயத்தில் சரியாகிற விஷயம் இல்லை.

அடுத்து உங்கள் மனைவி. அவர் ஆடாதோடை குடிக்கவே கூடாது. அதிலுள்ள வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உள்ளது. அவருக்கு அதிமதுரமும் வேண்டாம். வயிற்று வலி, ரத்தக் கசிவு எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம், இன்றோடு நிறுத்திவிட்டு அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வலியோ கசிவோ இருந்தால் செக்கப் வரை காத்திருக்காமல் உடனே போங்கள். ஒருவருக்குக் காய்ச்சியதை வீடே வரிசையில் நின்று குடிக்கிற இந்தப் பழக்கம் கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரோடு வந்தது என்று நினைக்கிறேன். அதில் 15 சரக்கு இருக்கிறது. அதுவும் சில நாளைக்குத்தான், வருஷம் முழுக்கக் காபிக்குப் பதிலாகக் குடிப்பதற்கு இல்லை.

சரி, இப்போது இன்ஹேலர்.

நானும் சித்த மருத்துவம் படித்து, கஷாயமும் சூரணமும் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற ஆள்தான், அதனால் மூலிகைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் அணைக்கட்டு என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடாதோடையை வேலியாகவே வைத்திருப்பார்கள், ஆடு வாய் வைக்காது, அதனால்தான் அந்தப் பெயரே. அந்த இலை வேலை செய்யும் என்பதற்கு உங்கள் ஊர் மருந்துக் கடையே சாட்சி. இருமல் டானிக் பாட்டிலில் ப்ரோம்ஹெக்ஸின் என்று போட்டிருக்கும், ஆடாதோடையின் வாசிசினைப் பார்த்து உருவாக்கிய மருந்து அது. அதிலிருந்து வந்ததுதான் அம்ப்ராக்ஸால். இரண்டுக்கும் வேலை ஒன்றே: கெட்டியான சளியை இளக்கி வெளியே கொண்டு வருவது. உங்கள் அம்மாவுக்குச் சளி நன்றாக வருகிறது, ஆனால் ராத்திரி இழுப்பு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கான பதில் இதிலேயே இருக்கிறது. இழுப்பில் சளி ஒரு பாதிதான். மறுபாதி, மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிக் குழாய் சுருங்கி நிற்பது. அந்த வீக்கத்தைக் குறைக்கவும் குழாயைத் திறக்கவும்தான் இன்ஹேலர். அந்த வேலையை ஆடாதோடையிடம் கொடுத்துவிட்டு அது செய்யவில்லையே என்றால் இலை என்ன செய்யும்?

பழகிவிடும் என்று பெரியம்மா சொன்னது பற்றி. இதே அம்மா தினமும் சுகர் மாத்திரை போடுகிறார், அது பழகிவிடும் என்று யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் மூச்சு முட்டுகிறது என்பதற்குக் காரணம் மருந்துக்கு அடிமையானது இல்லை, நோய் இன்னும் அங்கேயே இருப்பது. அப்புறம் இந்த ஸ்டீராய்டு பயம். இன்ஹேலரில் போகிற புடசொனைடு போன்ற மருந்து மைக்ரோகிராம் கணக்கு, ஒரு முறை இழுத்தால் 100, 200, 400 என்று இருக்கும். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இழுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தால் அதே வகை மருந்தை மாத்திரையாகவும் ஊசியாகவும் பல மில்லிகிராம் கணக்கில் ஏற்ற வேண்டி வரும். பயந்து சின்னதை நிறுத்தினால் பெரியது வந்து நிற்கும்.

இரண்டு இன்ஹேலரில் எது தினமும் எடுக்க வேண்டியது, எது இழுக்கும்போது மட்டும் எடுக்க வேண்டியது என்று டாக்டரிடம் கேட்டு, அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். பாதிப் பேர் மாற்றித்தான் எடுக்கிறார்கள். அழுத்திப் பீய்ச்சுகிற வகை என்றால் இன்ஹேலரின் வாயில் பொருத்துகிற ஸ்பேசர் குழாய் வாங்கிக் கொடுங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். உறிஞ்சிப் பொடியாக எடுக்கிற வகை என்றால் ஸ்பேசர் தேவையில்லை, வேகமாக இழுக்க வேண்டும். தினமும் எடுக்கிற இன்ஹேலருக்குப் பிறகு கட்டாயம் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படிந்து, இன்ஹேலர் ஒத்துக்கவில்லை என்று மறுபடியும் தூக்கிப் போட்டுவிடுவார்.

திப்பிலியை மறந்துவிட்டேன். அருமையான சரக்குதான், ஐயத்தை, அதாவது கபத்தை, அறுக்கும் என்று எங்கள் ஆசான்கள் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதிலுள்ள பைப்பரின், கூட உள்ளே போகிற சில மருந்துகளை ரத்தத்தில் அதிகமாகத் தங்க வைக்கும். டெரிபிலினில் இருக்கிற தியோஃபிலின் அந்த வகை. அது அளவு கூடினால் குமட்டல், கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். அம்மாவுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரசத்தில் போடுகிற மிளகால் ஒன்றும் ஆகாது, நான் சொல்வது தினமும் காய்ச்சிக் குடிக்கிற அளவை. பனைவெல்லமும் சர்க்கரைதான் என்பதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஜவ்வாது மலைத் தேன் என்றாலும் அப்படியே. கடையில் விற்கிற ஆடாதோடை மணப்பாகும் சர்க்கரைப் பாகில் செய்ததுதான்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கஷாயத்தில் என்ன போடலாம் என்று இரண்டு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள், அம்மா என்ன காற்றைச் சுவாசிக்கிறார் என்று ஒரு வரி இல்லை. பீடி சுற்றுகிறார் என்பதைக்கூட விலாசம் மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள். 44 வருடம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, மூக்குக்கு ஒரு முழம் கீழே புகையிலைத் தூளைக் கிளறிக்கொண்டு இருந்திருக்கிறார், அதுவும் இப்போது குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு. குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்திலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வருகிற பெண்களில் வாழ்க்கையில் ஒரு பீடிகூடப் பிடிக்காமல் பீடி பிடிப்பவர்களின் நுரையீரலோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதோடு விறகடுப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

விட முடிந்தால் விடச் சொல்லுங்கள். முடியாது, வாரக் கணக்குக் காசு அதில்தான் வருகிறது என்றால், முறம் திண்ணைக்கோ மாடிக்கோ போகட்டும், தூள் மூட்டை படுக்கிற அறையில் இருக்கக் கூடாது, மூக்கு வாய்க்கு மாஸ்க் வேண்டும், முடிந்ததும் கை கழுவிப் புடவை மாற்றிவிட்டுத்தான் அடுப்படிக்கு வர வேண்டும். மனைவி கர்ப்பமாக இருக்கிற வீட்டில் இதெல்லாம் அம்மாவுக்காக மட்டும் இல்லை. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அவர்களுக்கென்று மத்திய அரசின் தொழிலாளர் நல மருந்தகங்கள் உண்டு, விசாரித்துப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருளை இன்றே தூக்கிப் போட்டு வலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அம்மா இருக்கிற அறையில் காட்ட வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது. போகிக்கு டயர் கொளுத்துகிற தெருவாக இருந்தால் அன்றைக்கு விடியற்காலை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். உங்கள் சட்டையில் வருகிற ஷூ கம்பெனிப் பசை வாடை பட்டால் அம்மாவுக்கு இருமல் வருகிறதா என்றும் கவனியுங்கள், வந்தால் வாசலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்தியத்துக்கு வருவோம். கத்தரிக்காய் கரப்பான், தயிர் சளி, வாழைப்பழம் குளிர்ச்சி, முட்டை சூடு, மீன் ஒத்துக்காது, எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் தட்டில் என்ன மிச்சம்? சோறும் ரசமும். சுகர் இருக்கிறவருக்கு அது சரியான சாப்பாடா? மூச்சு விடுவதே அவருக்கு ஒரு கூலி வேலை மாதிரி. விலா எலும்புக்கு நடுவில் இருக்கிற தசைகளும் உதரவிதானமும் நாள் முழுக்கக் கூடுதலாக உழைக்கின்றன. அந்தத் தசைக்குப் புரதம் வேண்டும். இழுப்பு நோயாளி இளைத்துக்கொண்டே போனால் நான் மருந்தைப் பார்ப்பதற்கு முன்னால் தட்டைத்தான் பார்ப்பேன்.

ஒரு பொருள் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளவில்லையா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் அரிப்போ தடிப்போ இழுப்போ வருகிறதா, இரண்டு மூன்று முறையும் அப்படியே வருகிறதா? வந்தால் அது மட்டும் வேண்டாம். வராவிட்டால் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை அவர் சாப்பிடட்டும், நம்ம ஜில்லாவில் பிறந்துவிட்டு அதை விடுவதா, ஆம்பூர்க்காரர்கள் பிரியாணிக்கே கத்தரிக்காயைத்தான் தொட்டுக்கொள்கிறார்கள்! (பிரியாணி வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், அது சுகருக்காகச் சொல்கிறேன்.) தயிரை மதியம் சாப்பிடலாம், ராத்திரி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வேண்டாம். தினம் ஒரு முட்டை, வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ குழம்பாக, பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ சாயங்காலம் சுண்டலாக. கேழ்வரகுக் களி நமக்குப் புதிதா என்ன, உருண்டையைச் சின்னதாக்கி முருங்கைக்கீரையும் பருப்பும் சேர்த்துக் கடைந்த குழம்போடு கொடுங்கள். கருவாட்டுக் குழம்பு ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் பிபிக்கும் கால் வீக்கத்துக்கும் இப்போது உப்பு ஆகாது, ஊறுகாயும் அப்பளமும்கூட. பழத்துக்கு ஆரஞ்சைத் தேடி அலையாமல் கொய்யாவோ நெல்லிக்காயோ வாங்குங்கள், இரண்டிலும் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம்.

என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட எப்போது, எவ்வளவு என்பதும் மூச்சைப் பாதிக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சுக்கு இடமில்லாமல் போகும். மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், சுகர் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு அதற்குத் தகுந்தபடி. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் முடியட்டும். சாப்பிட்ட கையோடு படுத்தால் புளித்த தண்ணீர் மேலே ஏறி, அதுவே நடுராத்திரி இருமலைக் கிளப்பும். இதைச் சரிசெய்தே ராத்திரி இருமல் பாதி குறைந்தவர்கள் என்னிடம் இருக்கிறார்கள்.

அப்போ மூலிகையே வேண்டாமா என்றால், வேண்டும், உணவாக வேண்டும். தூதுவளையை முள் ஆய்ந்து, நெய்யில் வதக்கித் துவையலாகவோ ரசமாகவோ வாரம் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். தூதுவளையையும் கண்டங்கத்திரியையும் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்துச் சிறிய அளவில் ஆய்வு செய்திருக்கிறார்கள், மூச்சு கொஞ்சம் லேசானது, ஆனால் மூச்சுக்குழாயைத் திறக்கிற சால்பூட்டமால் மருந்தின் அளவுக்கு இல்லை. அந்த இடத்தை அதற்குக் கொடுத்தால் போதும். முசுமுசுக்கை இலை கிடைத்தால் அடை மாவில் அரைத்துப் போடுங்கள். கற்பூரவல்லியைத் தொட்டியில் வைத்தாலே வளரும், இரண்டு இலையை வெந்நீரில் போட்டு மூடி வைத்துக் குடிக்கலாம், பஜ்ஜி போட்டால் அது மருந்து இல்லை, பஜ்ஜி. ஆடாதோடையை, சளி கெட்டிப்பட்டு வராமல் கஷ்டப்படுகிற நாட்களில் மட்டும், இரண்டு இலையை இரண்டு டம்ளர் தண்ணீரில் அரை டம்ளராகச் சுண்டவைத்து, வெல்லம் சேர்க்காமல், ஐந்து நாளுக்கு மேல் போகாமல் அம்மா மட்டும் குடிக்கலாம். ஆனால் இந்தப் பொட்டாசியம், பிபி விஷயம் தெளிவாகும் வரை அதுவும் வேண்டாம். ஆவி பிடிக்கிறோம் என்று தைலத்தைக் கொட்டிப் போர்வை போர்த்த வேண்டாம், அந்த நெடியே சிலருக்குக் குழாயைச் சுருக்கிவிடும்.

இன்னும் சூரணம், லேகியம் ஏதாவது எடுக்க வேண்டும் என்று தோன்றினால் உங்கள் அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள், அம்மாவின் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேரில்லாத பொட்டலமாக விற்கிற "ஒரே வாரத்தில் ஆஸ்துமா போச்சு" மருந்தை மட்டும் தொடாதீர்கள். நிஜமாகவே ஒரு வாரத்தில் பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டை அரைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் சந்தேகப்படுவேன், சுகர்காரருக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. லைசென்ஸ் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி தேதி மூன்றும் டப்பாவில் இல்லையென்றால் அது மருந்தே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது சளிப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சுகரும் இருந்தால், காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் விடக் கூடாது. எடை குறைகிறதா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, சளியில் ரத்தம் தெரிகிறதா என்றும் கேளுங்கள். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம், ஒருவேளை நோய் இருப்பதாகத் தெரிந்தால் சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் இதுவரை எடுக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள், ஆஸ்துமாவா, புகையாலும் தூசியாலும் வந்த சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயா என்று அதில்தான் பிடிபடும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ, படுக்க முடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் அடுப்பில் எதையும் ஏற்றக் கூடாது.

அம்மாவுக்கு பிபி எவ்வளவு இருந்தது, பொட்டாசியம் எவ்வளவு வந்தது, இந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். முறம் திண்ணைக்கு வந்ததா என்பதையும்.